ஸ்பேஸ் என்று சொன்ன வாய்

ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் தெருவில் யாரும் என்னை ‘எப்ப வந்தே’ என்று கேட்பதில்லை. ‘எப்ப போறே’ என்றுதான் கேட்கிறார்கள். மீன் வாங்கும்போதும், கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போதும் அதே கேள்வி. நான் பிறந்து வளர்ந்த தெருவில் ஆறாவது மாதமாக விருந்தாளியாக இருக்கிறேன்.

மூன்று வார விடுப்பில் வந்தவள் நான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இதய ஆபரேஷன். நாங்கள் அவரை நைனா என்போம். அமெரிக்கா திரும்ப எனக்குப் புது விசா முத்திரை வேண்டியிருந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மைக்ரோவேவ் ஆராய்ச்சி செய்கிறேன். சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபயர் சிப்புகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் சக்திதான் தரும். அவற்றை உலோகப் பாதைகளில் இணைத்துக்கொண்டே போனால், கிடைப்பதில் பாதி பாதையிலேயே வீணாகிவிடும். அதனால் எல்லாவற்றின் அலைகளையும் காற்றிலேயே சேர விடுகிறோம். ஓரத்திலிருந்து வரும் அலைக்குத் தூரம் அதிகம். நடுவில் தடித்த ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் நடு அலையைச் சற்றுத் தாமதப்படுத்தினால் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும். அந்த லென்ஸை இரண்டு வருடம் உட்கார்ந்து வடிவமைத்தது நான்.

விசா அதிகாரி சிரித்த முகமாக இருந்தார். என்ன ஆராய்ச்சி என்றார். சக்தியை ஸ்பேஸில் ஒன்றுசேர்க்கிறோம் என்றேன். எங்கள் துறையில் ஸ்பேஸ் என்றால் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் ஒரு முழம் காலி இடம். அவர் காதில் அது விண்வெளியாக விழுந்துவிட்டது. சாட்டிலைட்டா என்று கேட்டார். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அதற்கும் பயன்படும் என்றேன். ராடாருக்கு? அதற்கும்தான், பொய் சொல்ல முடியுமா? கூடுதல் சரிபார்ப்பு என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார். ராயபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

அதன்பின் விசா என்னவாயிற்று என்று பார்க்கத் தினமும் பிரவுசிங் சென்டர். காசிமேட்டில் ஐஸ் கடை வைத்திருக்கும் தம்பி வண்டியில் கொண்டுபோய் விடுவான். மூன்றாம் மாதம் பேராசிரியர் எழுதினார். இனியும் காத்திருக்க முடியவில்லை, என் வேலையை வேறொரு மாணவனிடம் கொடுத்துவிட்டாராம். லென்ஸ் அருமையாக வேலை செய்ததாம்.

பின்னால் நின்ற தம்பி, “நல்ல சேதிதானேக்கா?” என்றான். ஆமாம் என்றேன்.

நைனா தேறிவிட்டார். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ குற்றம் செய்தவர்போலப் பார்வையைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“என்னாலதான் நீ இங்க மாட்டிகினே. ஆபரேசன் வோணான்னு அப்பவே சொன்னேன்.”

இல்லை நைனா என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

நேற்று விசா முத்திரையோடு பாஸ்போர்ட் வந்தது. நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரே ஒரு முறை உள்ளே போகத்தான் அனுமதி, வெளியே வந்தால் மறுபடி முதலிலிருந்து என்று விளக்கினேன்.

“ஒரு தபாதானா? அப்போ எனக்கு இன்னொரு தபா நெஞ்சு வலிச்சா சொல்லக் கூடாது” என்றார். கேலியாகத்தான் சொன்னார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மாலையில் ரேஷன் கார்டு சரிபார்க்க ஓர் அலுவலர் வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். அப்பா, அம்மா, தான், தன் மனைவி என்று எண்ணி, நாலு பேர் என்றான் தம்பி. கட்டிலில் படுத்திருந்த நைனா எழுந்து உட்கார்ந்தார்.

“அஞ்சு எழுது சார். அவ இங்கதான் கீறா.”

அலுவலர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஐந்து என்று எழுதிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.