சவூதிக்குப் போகாதவன்

எனக்குப் பத்தொன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்போது அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நோய் தெரிந்தால் பேச்சு நின்றுவிடும் என்று அத்தா, என் அப்பா, பயந்தார். எங்கள் ஊர் கூத்தாநல்லூரில் நான் சவூதிக்குப் போய்விட்டதாகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். யாரும் சந்தேகப்படவில்லை.

என் கூட்டாளி தினமும் நெட் வழியாகப் போன் பண்ணுவான். செல்போன் கடையில் என்னோடு வேலை பார்த்தவன்.

"மூஞ்சியக் காட்டுடா. சவூதி போனதும் பெரிய ஆளாயிட்ட."

எனக்கு முடி கொட்டியிருந்தது. "இங்க வீடியோ வராதுடா" என்பேன்.

"வரும்போது ஒரு சென்ட்டு பாட்டில் கொண்டா. இல்லன்னா ஊருக்குள்ள விடமாட்டேன்."

சரி என்பேன். போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பஸ்களைப் பார்ப்பேன். ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஊர்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா தாளோடு வந்தார். சின்ன வயசு நோயாளிகளுக்கு மருந்து தவிர வேறு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவது அவர் வேலை. அவர் என்னைக் கேட்டார். அத்தா பதில் சொன்னார். தூக்கம்? "நல்லா தூங்குறான்." பயம்? "அதெல்லாம் இல்ல மேடம்." கூட்டாளிகள்? "நிறைய இருக்காங்க."

அக்கா பேனாவை மூடினார். "நீங்க போய் தம்பிக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்."

அத்தா போனதும் முதலிலிருந்து கேட்டார். கூட்டாளிகள் வந்து பார்க்கிறார்களா என்றார்.

"அவங்களுக்கு நான் சவூதில இருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கொஞ்ச நேரம்தான்.

"சரி தம்பி. உனக்கு முதல்ல என்ன வேணும்?"

"தினமும் போன் பண்ற கூட்டாளி வரணும்."

எழுதிக்கொண்டார். அத்தாவிடம் சொல்லலாமா என்று கேட்டார். தலையாட்டினேன். அத்தா டீயோடு வந்ததும் அவரிடம் அதைச் சொன்னார்.

"அக்கா நிக்காஹ் முடியட்டும்" என்றார் அத்தா, என்னைப் பார்த்து.

"அது எப்ப அத்தா?"

இன்னும் தேதிகூடக் குறிக்கவில்லை. அத்தா டீயை என் கையில் கொடுத்தார். பிறகு என் போனை வாங்கி அவரே கூப்பிட்டார்.

"தம்பி, அத்தா பேசுறேன். இவன் சவூதி போகல. தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரில இருக்கான். வெளிய சொல்லிடாத."

போனை என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன்.

"திங்க என்னடா வாங்கிட்டு வர?" என்றான்.

"ஒன்னும் வேணாம். நீ வா."