தொடைமேல் ஓடிய தையல்

வேலையிடத்தில் அவருக்கு 'ஹெல்மெட்' என்றுதான் பெயர். தலைக்கவசம், காதடைப்பு, முகத்துக்கு வலை, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு அவர் வருவதற்குள் மற்றவர்கள் ஒரு கிளையை அறுத்துப் போட்டிருப்பார்கள்.

"என்ன ஹெல்மெட், மரம் வெட்டப் போறியா, நிலாவுக்குப் போறியா?" என்பார் மேஸ்திரி.

"நிலாவுல மரம் இல்லைங்க. அதான் இங்கேயே கிடக்கேன்."

பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பத்தோடு பிழைப்பு. சிராய் தெறித்துக் கூட்டாளி ஒருவருக்குக் கண் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அதற்குப் பிறகு யார் கேலிக்கும் அவர் காது கொடுப்பதில்லை. காதில்தான் அடைப்பு இருந்ததே.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் தொடை பிளந்தது.

ரம்பக்காரர்கள் போடும் கால்சட்டை கனமானது. முன்பக்கம், மேல்துணிக்கு உள்ளே, நூல் அடுக்கடுக்காக அடைத்திருக்கும். மேஸ்திரி எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கியிருந்தார். ஒல்லியான ஹெல்மெட்டுக்கு அது கோணி மாதிரி தொங்கியது. ஒருமுறை சுள்ளி மாட்டி, ஓடுகிற ரம்பத்தோடு குப்புற விழப் பார்த்தார். துவைக்கத் துவைக்க உள்ளே இருந்த அடுக்கும் சரிந்து முழங்காலில் மூட்டை கட்டிக்கொண்டது.

அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் போட்டுச் சம்பாதிப்பவர். "இதைப் போட்டுக்கிட்டா வேலைக்குப் போறீங்க? குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டார். பக்கங்களைச் சுருக்கினார். சரிந்த அடுக்கை இழுத்துப் பரப்பி, இனி நகராதபடி இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை வரிவரியாகத் தையல் ஓட்டினார். தடித்த ஊசிகள்கூட முறிந்தன. முடித்தபோது அச்சில் வார்த்தது போல இருந்தது. மேஸ்திரியே ஹெல்மெட்டைச் சுற்றிவந்து பார்த்தார். அதே கூட்டத்தில் வேலை செய்யும் மச்சினனும் தன்னுடையதைக் கொண்டுவந்து அக்கா மடியில் போட்டான்.

காற்றில் சாய்ந்த மரத்தைச் சாலையிலிருந்து அகற்றும் வேலை அன்று. வளைந்து அழுந்திக் கிடந்த கிளையை ஹெல்மெட் அறுத்தார். அது விடுபட்டுத் துள்ளியது. ரம்பம் எகிறி இடது தொடையில் இறங்கியது. நின்றுவிடும் என்று நினைத்தார். அதற்குத்தானே அந்தக் கால்சட்டை. நிற்கவில்லை.

மச்சினன் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் காயத்தில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினான். சரியான காரியம். எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கியிருக்காது. அறுந்த தசையைச் சேர்த்துத் தைத்தார்கள். கால் மிஞ்சியது. ஆனால் முழங்கால் முன்போல மடங்காது, இனி ரம்ப வேலை வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முன்னறையில் தையல் மெஷினுக்கு எதிரே கட்டில் போட்டார்கள். மூத்திரப் பாத்திரம் கட்டிலடியில். கட்டு மாற்றுவது மனைவி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய துணியை நனைத்து மெல்ல உரித்து, சீழ் வாடை வருகிறதா என்று மோந்து பார்த்து, புதியதை வைப்பார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ரம்பம் பழுதுபார்க்கும் மெக்கானிக், பழைய சிநேகிதர், பார்க்க வந்தார்.

"உண்மையைச் சொல்லு. கால்சட்டை போட்டிருந்தியா இல்லையா?"

"போட்டிருந்தேன்யா. அந்தா பையில கிடக்கு, பாரு."

ஆஸ்பத்திரியில் கத்தரித்துக் கழற்றிக் கொடுத்தது அது. மெக்கானிக் எடுத்து விரலால் தடவினார். பிறகு அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இதுல தையல் போட்டது யாரு?"

"வீட்டுலதான். ஏன்?"

"கெடுத்துட்டீங்களே! உள்ள நூல் எதுக்கு இருக்கு? சங்கிலி பட்டதும் நீளநீளமா உருவிக்கிட்டு வந்து, பல்லுல சுத்தி, ரம்பத்தை நிறுத்தணும். இங்க உருவ முடியாம கட்டிப் போட்டிருக்கு. அப்புறம் சங்கிலிக்கு இது வெறும் துணிதானே?"

"மெதுவா பேசு."

"நான் மூச்சு விடல. நீ இதைக் கொளுத்திப் போட்டுடு."

சொல்லப் போவதில்லை என்று ஹெல்மெட் அப்போதே முடிவு செய்துவிட்டார். கால் கெட்டது கெட்டதுதான். அவள் மனதையும் எதற்கு அறுக்க வேண்டும்?

மறுநாள் மாலை மச்சினன் வந்தான், தோளில் தன் கால்சட்டையோடு.

"அக்கா, ஒரு பக்கம் லூசா இருக்கு. இன்னும் ரெண்டு வரி ஓட்டிக் குடு. நாளைக்கு வேலை."

"நாலாவே ஓட்டித் தரேன். இவருக்கு வந்தது உனக்கு வரக் கூடாது."

ஊசியில் நூல் ஏறியது. ஹெல்மெட் கட்டிலில் முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"டேய், அதை எடுத்துட்டுப் போ. மேஸ்திரிகிட்ட புதுசு கேளு."

"எதுக்கு அத்தான்? கேட்டா என்னையும் நிலாவுக்கு அனுப்பிடுவாரு. அக்கா தையல் புதுசை விடக் கெட்டி."

"கெட்டிதாண்டா. அதுதான் வினையே."

மெஷின் நின்றது. "என்ன சொன்னீங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். மனைவி அழவில்லை.

"தையல் இல்லாம இருந்தா நின்னிருக்குமா?"

"இவ்வளவு ஆழம் போயிருக்காது."

"எப்போ தெரியும்?"

"நேத்து."

"நேத்தே ஏன் சொல்லல? நான் தைச்சுக் குடுத்திருப்பேன். இவன் காலைல மாட்டிக்கிட்டுப் போயிருப்பான்."



"பிரிச்சிடலாமே அக்கா" என்றான் மச்சினன்.

"ஊசி ஏறின இடமெல்லாம் நூல் அறுந்திருக்கும். அதை நம்பிக் காலை வைக்கிறியா?" பெரிய கத்தரிக்கோலை எடுத்து, கால்சட்டையின் இரண்டு காலையும் குறுக்கே வெட்டித் தரையில் போட்டார்.

"அப்போ நாளைக்கு நான் எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"

"போகாதே. வீட்டுல இரு."

பிறகும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் மூணு பேருக்குத் தைச்சிருக்கேன்" என்றார்.

"எப்போ?"

"நீங்க ஆஸ்பத்திரில கிடந்தப்போ. உங்களுக்கு ஆனதைப் பார்த்துப் பயந்து வந்தாங்க. நல்லா கெட்டியா போடுங்கன்னாங்க. போட்டேன்."

ஹெல்மெட் போனை எடுத்து நீட்டினார். "போன்ல சொல்லிடு."

"போன்ல சரிசரிம்பாங்க. காலைல அதையே மாட்டிக்குவாங்க. கையில வாங்கி வெட்டிட்டு வரேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே மச்சினன் ஓடினான். கட்டு மாற்றும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்ததில் புண் கசிந்து துணி நனைந்திருந்தது. தெருவில் அவர்கள் இன்னும் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்கள். ஹெல்மெட் கூப்பிடவில்லை. உள்ளங்கையை ஈரத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு படுத்தார்.