மாற்றுக்கை

நேற்றுக் காலை எங்கள் ஷோரூமில் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். பிளாஸ்டிக் மணம் குப்பென்று வந்தது. அதோடு ஒரு கவுன். உடம்பு கறுப்பு, கைகள் மட்டும் கோடு போட்ட வெள்ளை. "புது மொடல் அக்கா, முன்னுக்குத் தொங்க விடுங்க" என்றாள் கூட வேலை செய்யும் பிள்ளை. எனக்கு வந்த சிரிப்பில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புது மொடலாம்! இதைப் பெற்றெடுத்ததே நாங்கள்தானே.

நாங்கள் என்றால் நானும் ஜெஸீமா தாத்தாவும். மீசைக் கிழவர் யாரையும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். மடவளை ஊர்க்காரி. கண்டி டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே தையல் கடை வைத்திருந்தார். அங்கே இரண்டு பேர் ஒன்றாகத் திரும்பினால் ஒருவர் தலை படியில் இடிக்கும். பெரும்பாலும் என் தலை. நான் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அவரிடம் தைத்துக்கொண்டிருந்தேன்.

டொலர் இல்லாமல் நாடு படுத்த வருடம் அது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, வெளிநாட்டுத் துணியும் வரவில்லை. சோற்றுக்கே பாடு என்றால் புதுச்சட்டை யார் தைப்பார்? "இந்தப் பெருநாளைக்கும் ஓடர் வரல்லன்டா கடைய குடுத்துட்டுப் போறதுதான் புள்ள" என்றார் தாத்தா. கடை போனால் எனக்குக் கொழுந்துக் கூடைதான். கொழுந்து பறிப்பதில் நான் படுமோசம். மலையில் என்னை விரும்பியவை அட்டைகள் மட்டுமே.

அந்த நேரம் குண்டசாலையில் இருந்த யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர், மகளின் பிறந்தநாளுக்கு முழுக்கை வைத்த நீலக் கவுன் கேட்டார். மிச்சமிருந்த நீலத் துணியை வெட்டினோம். உடம்புக்குக் காணும், கைக்குக் காணாது. கண்டி முழுக்க அலைந்தேன். அந்த நீலம் எங்குமே இல்லை. தாத்தா மூலையில் கிடந்த பூப்போட்ட மஞ்சள் துண்டை எடுத்தார்.

"கைய இதுல வை."

"ஐயோ தாத்தா, டீச்சர் நம்மள கொன்னுருவாங்க!"

"டுபாய் மொடல்னு சொல்லுவம்."

டீச்சர் வந்து கவுனை விரித்தார். "இதென்ன கோலம்? உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம்!" தாத்தா வாயைத் திறந்தார், டுபாய் வரவில்லை, இருமல்தான் வந்தது. நான் விழாத ஊசியை மேசைக்கடியில் தேடினேன். அதற்குள் மகள் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினாள். "அம்மா, பேசாம இருங்கோ. சரியான வடிவா இருக்கு!"

பிறகு நடந்ததை நம்பமாட்டீர்கள். அவள் படத்தை ஃபோனில் போட, அடுத்த கிழமையே ரியூசன் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக வந்து "அந்த மாத்துக்கை வேணும்" என்றார்கள். பெருநாளைக்கு மடவளையே அதைக் கேட்டது. வீட்டுப் பழைய உடுப்பையெல்லாம் தூக்கி வந்தார்கள். இதன் கை அதற்கு, அதன் கை இதற்கு. ஒரு மாமி பழுதே இல்லாத கவுனைக் கொண்டுவந்து, "இந்தக் கைய கழட்டிட்டு, பொருந்தாத கையொன்டு வச்சித் தாங்க" என்றார். துணி இல்லாமல் பிறந்த ஃபெஷனுக்குக் கடைசியில் துண்டுத்துணி தட்டுப்பாடு! தாத்தா தன் வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றி வந்தார். கரண்ட் போனால் மெஷினைக் காலால் மிதித்தோம், மிதித்துக்கொண்டே சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு இருந்ததில்லை. கடையும் தப்பியது.

அப்புறம் நாடு எழும்பியது. ரெடிமேட் உடுப்பு கொள்கலன் கொள்கலனாக வந்து இறங்கியது. தையல்கூலிக்கே முழுக் கவுன் கிடைக்கும்போது தையல்காரியிடம் யார் வருவார்? கெட்ட காலத்தில் பிழைத்த கடையை நல்ல காலம் மூடிவிட்டது. படிக்குக் கீழே இப்போது ஃபோன் கவர் விற்கிறார்கள். நான் ரெடிமேட் விற்கிறேன்; சம்பளம் பரவாயில்லை.

போன பெருநாளைக்குத் தாத்தா வீட்டுக்குப் போனேன். வட்டிலப்பம் தந்தார். தையல் மெஷின் மேல் ரைஸ் குக்கர் இருந்தது.

"நாடு இன்னொருக்கா விழுந்தா வா புள்ள, கடைய தொறப்பம்" என்று சிரித்தார்.

அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் தடுத்திருக்க வேண்டும். "கத்தரிக்கோல எங்க வச்சிருக்கீங்க தாத்தா?" என்றுதான் கேட்டேன்.