கொடும்பாளூருக்கு எட்டாத குரல்

கொடும்பாளூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், காதில் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர் எஃப்.எம். பாதி வழியில் கரகரத்து அடங்கிவிடும். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி மொட்டைமாடி அறைக்குள் நடக்கும் நிலையம் அது. அவ்வளவு தூரம்தான் அதற்கு மூச்சு. ஆனால் அத்தை அதில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், உலகமே உட்கார்ந்து கேட்பதாகப் பள்ளிக்கூடத்தில் நான் கதை அளந்திருக்கிறேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அப்பாதான் வளர்த்தார். அவள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் இருவரும் நேருக்கு நேர் நின்று பேச மாட்டார்கள். சாப்பிட்டாயா என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்டுக்கொள்வார்கள். அத்தை பேசும் மத்தியான நேரத்தில் மட்டும் அப்பா பெயிண்ட் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, ரேடியோவைக் காதோடு வைத்துக்கொள்வார்.

நிலையம் தொடங்கியபோது கடலை விலையும் குடிதண்ணீர் வரும் நேரமும்தான் சொன்னார்களாம். கேட்பதற்கு ஆளில்லை. அதன் பிறகுதான் அத்தையின் நிகழ்ச்சி வந்தது. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஜனங்கள் அவளிடம் சொல்லியனுப்புவார்கள். பெயரை விட்டுவிட்டு, இன்ன பேட்டையில் ஒரு மாமியாருக்கு மருமகள் சொல்லிக்கொள்வது, ரசத்தில் உப்பு கூடியது வேண்டுமென்று செய்ததல்ல என்று அத்தை குழைவாகச் சொல்வாள். யார் அந்த மருமகள் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொள்ளும்.

பிறகு கொடும்பாளூரிலிருந்து மாப்பிள்ளை வந்தது. ரேடியோவில் பேசுவதெல்லாம் கல்யாணத்தோடு சரி என்று அவர்கள் சொல்ல, நல்ல இடம் தவறிவிடக் கூடாதே என்று அப்பாவும் தலையாட்டிவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

கடைசி நிகழ்ச்சிக்கு என்னையும் அழைத்துப்போனாள். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அந்த அறை எனக்கு அவ்வளவு பிடிக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் குளத்துக்குள் முங்கியது போல இருக்கும். சின்னக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்து மழை கொட்டியது, சத்தமே இல்லாமல். தென்னைகள் ஊமையாக ஆடின. நான் பாதித் தூக்கத்தில் கிடந்தேன். ஹெட்போன் மாட்டிய அத்தையின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

"கடைசியா, திருக்கோகர்ணத்துல ஒரு அண்ணனுக்கு அவுக தங்கச்சி சொல்லிக்கிறது. எனக்கு இந்த வேலைய விட மனசில்லண்ணே. மாப்பிள்ளை வீட்டுல ஒரு வார்த்தை பேசிப் பாருங்க. ஒங்களுக்கு அதுல இஷ்டமில்லைன்னா ஒண்ணுமே சொல்ல வேணாம். நான் புரிஞ்சுக்கிறேன்."

புதுக்கோட்டையில் எங்கள் வீடும் திருக்கோகர்ணம் பக்கம்தான். நம்ம பக்கத்தில் யாரோ ஒரு அக்கா, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்ததும் அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டாள். மழை பிடித்ததிலிருந்து ரேடியோவில் வெறும் இரைச்சல்தானாம். காற்றில் நிலையத்து ஏரியல் கம்பம் சாய்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. உள்ளே ஹெட்போனில் அத்தையின் குரல் அத்தைக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அந்த இரைச்சலையும் கடைசி வரை காதில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தாராம்.

"அத்தைகிட்ட மூச்சு விடாத. கடைசி நாளு, மனசு ஒடைஞ்சு போயிருவா" என்றாள் அம்மா.

கூடத்தில் அப்பா எழுந்து நின்றார். அவர் அத்தையிடம் நேராகப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எல்லாம் கேட்டேன் தாயி. ரொம்ப நல்லாப் பேசுன."

"கடைசியா சொன்னதையுமாண்ணே?"

"ஒரு வார்த்தை விடாம கேட்டேன்."

அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் அப்பா சிரித்தார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, அவள் ஈரச் சேலையை மாற்ற உள்ளே போனாள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பொய்யே சொல்லத் தெரியாத அப்பா எவ்வளவு அழகாகச் சமாளித்துவிட்டார் என்று அம்மாவைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். திருக்கோகர்ணத்தில் யாரோ ஒரு அண்ணனுக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை. அவர் ஏதாவது சொல்லமாட்டாரா என்று அந்த அக்கா காத்துக்கொண்டிருக்குமே என்று, அத்தைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு வெகுநேரம் வருத்தப்பட்டேன்.