பெயர் சொல்லாமல் ஒரு ஜெபக் குறிப்பு

போன மாதம் ஒரு காலை. பால் வாங்கப் போனவன், மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனை அடுக்ககத்தின் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

பள்ளிக்கூட வேன் ஒன்று நின்றிருந்தது. உள்ளே பிள்ளைகள். வெளியே குணசீலன். வேனுக்குச் சொந்தக்காரரும் அவரே, ஓட்டுகிறவரும் அவரே. எதிரே கார்த்திக். ஐ.டி. கம்பெனியில் வேலை, மகள் அந்த வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள். கார்த்திக்கின் கையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி; குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் போலீஸ்காரர்கள் ஊதச் சொல்வார்களே, அது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா... ஒரே ஒரு தடவை ஊதிடுங்க. ஆன்லைன்ல வாங்கினது. எங்க மன நிம்மதிக்குத்தான்."

குணசீலன் ஊதினார். கருவி சைபர் காட்டியது. கார்த்திக் அதை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "இன்னொரு தடவை..." என்றார். மறுபடி ஊதினார். மறுபடி சைபர்.

வேனுக்குள் ஒரே குஷி. "அங்கிள், எனக்கு! அங்கிள், நானும் ஊதறேன்!"

குணசீலன் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் வேனில் பிள்ளைகள் பாதியானார்கள். அடுத்த வாரம் வேன் ஓடவே இல்லை. சைபர் வந்தது யார் நினைவிலும் தங்கவில்லை. ஊதச் சொன்னார்கள் என்பது மட்டும் தங்கிவிட்டது.

அவரை ஊத வைத்தது கார்த்திக் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நான்.

எங்கள் சபையில் ஆண்கள் ஐக்கியம் என்று ஒன்று உண்டு. சனிக்கிழமை மாலை, முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம், கடைசியில் டீயும் சமோசாவும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் மேல் ஒரு சந்தேகம் உண்டு. மதம் மாற்றக் கிளம்பிய கூட்டமோ, அல்லது வீட்டில் உட்கார விடாமல் துரத்தப்பட்ட கிழவர்களோ என்று. இரண்டாவது ஓரளவு உண்மை.

ஆனால் மழைத் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது இடுப்பளவு நீரில் பால் பாக்கெட்டோடு வீடு வீடாகப் போனதும் இந்தக் கூட்டம்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், முதலில் போய் இறங்குவது எங்கள் நாற்காலிகள்தான். அவற்றை ஏற்றிச் செல்வது குணசீலனின் வேன்; அவரும் எங்களில் ஒருவர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சங்கடம் எங்கே என்றால், வேத வாசிப்புக்கும் சமோசாவுக்கும் நடுவில். அப்போதுதான் ஜெபக் குறிப்பு. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் பாரத்தைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மகன் விசா, ஒருவருக்கு மருமகள். தலைவர் எட்வின் — ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் — எல்லாவற்றையும் சேர்த்து ஜெபிப்பார். பிறகு வாட்ஸ்ஆப் குழுவில் போடுவார், வராதவர்களும் ஜெபிக்கட்டும் என்று.

குணசீலனின் முறை வரும்போது மட்டும் எப்போதும் ஒரே பதில். "ஒன்னுமில்ல. ஸ்தோத்திரம்."

ஒன்றுமில்லையா? அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு, தினமும் காலையில் அந்த டிராஃபிக்கில் வேன் ஓட்டும் மனிதருக்கு, ஒரு பாரமும் இல்லையா? என்னால் நம்ப முடியவில்லை. நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால், அங்கேதான் ஏதோ இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கப் பழகியவன். நாற்பதைத் தாண்டிய ஓர் ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மூளை சும்மா இருக்குமா?

பாடியில் பல் டாக்டரிடம் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடை. கடையை ஒட்டிய சந்திலிருந்து குணசீலன் வெளியே வருகிறார். மதிய நேரம். சில நாள் கழித்து மறுபடி பல் டாக்டர், மறுபடி அதே சந்து, அதே குணசீலன்.

ஆதாரம் கிடைத்துவிட்டது!

நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? பிள்ளைகள் ஏறுகிற வண்டி. கவலை இருந்தால் அவரிடமே கேட்டிருக்கலாம். பக்கத்துத் தெருதான். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் சந்தேகம் போய்விடும். சந்தேகம் எனக்குப் பிடித்திருந்தது. இதைவிட வெளிப்படையாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை குணசீலன் வரவில்லை. ஒரு துக்க வீட்டுக்கு ஐக்கியத்தின் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். என் முறை வந்தது. தொண்டையைச் செருமினேன்.

"பள்ளி வாகனம் ஓட்டும் ஒரு சகோதரன் மதுவின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்று எனக்கு ஒரு பாரம். பெயர் வேண்டாம்."

பெயர் சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. எங்கள் ஐக்கியத்தில் பள்ளி வாகனம் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒருவர்.

எட்வின் உருகி உருகி ஜெபித்தார். வாட்ஸ்ஆப்பில் போட்டார். புதன்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் ஜெபித்தார்கள். அதில் ஓர் அம்மா கார்த்திக் வீட்டுக்கு மேல்மாடி. லிஃப்டில் சொல்லியிருக்கிறார், "பாவம், ஜெபம் பண்ணிக்கோங்க" என்று. கார்த்திக் ஜெபிக்கிறவர் இல்லை. கருவி வாங்கிவிட்டார்.

அன்று காலை பால் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைச் சிம்மில் வைத்தாள்.

"நீங்க அந்த ஆளுக்காக ஜெபம் பண்ணினீங்களா, இல்ல போட்டுக் கொடுத்தீங்களா?"

பேப்பரை எடுத்துக்கொண்டேன். அப்புறம் வேன் நின்றுபோனது. பேப்பர் படிக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை தைரியத்தைத் திரட்டினேன். குணசீலன் அன்றும் வரவில்லை. இம்முறை காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் முறை வந்ததும் சொன்னேன்: "பள்ளி வாகனச் சகோதரனைப் பற்றி நான் சொன்ன குறிப்பு தவறு. என்ன பார்த்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. என்னை மன்னிக்கும்படி ஜெபியுங்கள்."

பார்த்தீர்களா? பழைய வாத்தியார் புத்தி. நேராக 'பொய்' என்று சொல்ல நாக்கு வரவில்லை. 'நிச்சயமில்லை' என்று ஒரு மெத்தையைப் போட்டு அதில் விழுந்தேன்.

எட்வின் என் தோளில் கை வைத்தார். "புரொபசர், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கலங்காதீங்க."

எனக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை காலை புரிந்தது. வீட்டு வாசலில் ஒரு பை. உள்ளே நான்கு கட்டு வல்லாரைக் கீரை. மருந்துக்கடையில் ஒருவர், "ஞாபக மறதிக்கு இப்ப நல்ல மாத்திரை இருக்கு சார்" என்றார். எதைப் பார்த்தோம் என்பதே புரொபசருக்கு நினைவில்லையாம், பாவமாம், பெண்கள் ஐக்கியத்தில் உபவாச ஜெபமாம்.

ஆக, நான் சொன்ன பொய் அப்படியே நின்றது. நான் சொன்ன உண்மையைத்தான் மூளைக் குழப்பம் என்று சொல்லிவிட்டார்கள்.

மனைவி வல்லாரையைத் துவையல் அரைத்தாள். "சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு அந்த ஆள் வீட்டுக்குப் போங்க."

போனேன். குணசீலன் வீட்டு வாசலில், ஓடாத வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். ஓடாத வண்டிக்குத்தான் தூசி ஜாஸ்தி, இன்னா பண்றது."

"குணசீலன்... அந்தக் குறிப்பைச் சொன்னது நான்தான்."

"தெரியும் சார்."

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? 'மதுவின் பிடி'ன்னு போட்டிருந்துச்சே. நம்ம ஆளுங்களா இருந்தா 'தண்ணி அடிச்சிகினு கீறான்'னு சொல்லிட்டு போய்கினே இருப்பானுங்க. இவ்ளோ அழகா போட்டுக் குடுக்க உங்கள உட்டா யார் சார் கீறாங்க?"

நாற்பது வருடம் நான் வளர்த்த தமிழ் நடை... அதுவே என்னைக் காட்டிக் கொடுத்தது. தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் துணியைப் பிழிந்தார். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா?

"அந்தச் சந்துக்கு நீங்க எதுக்குப் போனீங்க?"

குணசீலன் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா! மன்னிப்பு கேக்க வந்த எடத்துலயும் விசாரணையா? நான் சொல்ல மாட்டேன் சார். அது என் விசயம் இல்ல. வேற ஒருத்தரோட விசயம். என்கிட்ட நம்பி சொன்னாரு. அதான் சனிக்கிழமை நான் வாயே தொறக்கறதில்ல. அங்க ஒன்னு சொன்னா திங்கக்கெழம ஊரே ஜெபம் பண்ணிகினு கீது."

"இப்போ நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்றேன்."

"தயவுசெஞ்சு ஜெபம் மட்டும் பண்ணிடாதீங்க. ஊட்டுக்கு ஊடு வந்து உங்க வாயால சொல்லுங்க. ஏறுங்க வண்டில."

ஏறினேன். முன் சீட். பின்னால் காலி இருக்கைகள். ஒன்றின் அடியில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில், ஒவ்வொரு வேகத்தடைக்கும் உருண்டது.

முதல் வீடு கார்த்திக். குணசீலன் கீழேயே நின்றுவிட்டார். கதவைத் திறந்த கார்த்திக் பதறினார். "அங்கிள், உடம்பு முடியாம நீங்க ஏன் தனியா வந்தீங்க? வீடு ஞாபகம் இருக்கா? நான் கொண்டு விடவா?"

"கார்த்திக், எனக்கு ஞாபகமெல்லாம் நன்றாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை. குணசீலன் குடித்ததை நான் பார்க்கவில்லை. கடைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். மீதியை நானே எழுதிக்கொண்டேன். நான் சொன்னது பொய்."

சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லைச் சொல்ல இரண்டு மாடி ஏற வேண்டியிருந்தது.

கார்த்திக் யோசித்தார். "சரி அங்கிள்... அப்போ அங்க எதுக்குப் போனாராம்?"

அதே கேள்வி! என் கேள்வி!

"தெரியாது. கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றார்."

"தெரியாமலே எப்படி நம்பறீங்க?"

ஞாயிறுதோறும் சபையில் எழுந்து நின்று, கண்ணால் காணாததையெல்லாம் விசுவாசிக்கிறேன் என்று உரக்கச் சொல்கிறவன் நான். அதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. அடுத்த தெருக்காரர் ஒருவரைத் தெரியாமலே நம்புவதற்கு மட்டும் இந்த வயது வரை காத்திருந்தேன்.

"நம்பறேன். அவ்வளவுதான்" என்றேன்.

உள்ளேயிருந்து கார்த்திக்கின் மனைவி குரல் கொடுத்தார். "ரெண்டு தடவை சைபர் வந்துச்சு, அப்பவே தெரிய வேண்டாமா? மொதல்ல அந்த மெஷினைத் தூக்கிப் போடுங்க. நாளைலேர்ந்து குணா அண்ணாவையே வரச் சொல்லுங்க சார்."

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. சிலர் வேறு வேன் பார்த்துவிட்டார்கள். ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, என் மனைவியின் போன் நம்பர் கேட்டார். ஒருவர், "நெருப்பில்லாம புகையுமா சார்?" என்றார். புகையும் ஐயா. நான் ஊதினேன், புகைந்தது. கடைசி வீட்டில் கதவே திறக்கவில்லை.

வேன் இப்போது ஓடுகிறது. பாதி நிரம்பி. மீதிப் பாதி என் கணக்கு.

எனக்குப் புத்தி வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். சனிக்கிழமை வட்டத்தில் உட்காரும்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். குணசீலன் காப்பாற்றும் அந்த ஒருவர் யார்? மூட்டுவலிக்காரரா? விசாக்காரரா? எட்வின் ஏன் குணசீலனோடு மட்டும் தனியாகப் பேசுகிறார்? ...பார்த்தீர்களா, புத்தி இப்படித்தான் இருக்கிறது. வாயை மட்டும் பூட்டியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். குணசீலன் வந்தார். வட்டம் சுற்றி வந்து அவரிடம் நின்றது. வழக்கமான ஸ்தோத்திரத்துக்கு நாங்கள் தயாராக இருந்தோம்.

"ஒரு குறிப்பு கீது" என்றார்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"நம்ம புரொபசர் சாருக்காக எல்லாரும் பாரத்தோட ஜெபம் பண்ணுங்க. எதுக்குன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க."

எட்வின் ஜெபிக்க ஆரம்பித்தார். நான் மெதுவாகக் கண்ணைத் திறந்தேன். வட்டத்தில் அத்தனை பேரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணசீலன் ஒருவர்தான் கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை. தெருவில் குணசீலனின் ஹார்ன் கேட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு பை. பாகற்காய்.

சர்க்கரை என்று முடிவு செய்துவிட்டார்கள்!