தூங்க வைக்க ஓர் ஆள்

"என்ன அருமையான நரம்பும்மா உனக்கு!"

கடலோர உல்லாச விடுதியின் வரவேற்பு மேசையில், அறைச் சாவியை நீட்டிய பெண்ணின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் டாக்டரம்மா. சாவி எப்போதோ மேசையில் விழுந்துவிட்டது. புறங்கையில் பச்சையாக ஓடுகிற கோட்டைக் கட்டைவிரலால் நீவி, "பாரேன், கயிறு மாதிரி. கண்ணை மூடிக்கிட்டு ஊசி ஏத்தலாம்" என்கிறார். நன்றி சொல்வதா, கையை உருவிக்கொண்டு ஓடுவதா என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பின்னால் இரண்டு பெட்டிகளோடு நிற்கிற கணவர்தான் வழக்கம்போல் சமாதானம் சொல்கிறார். "பயப்படாதம்மா. மயக்க மருந்து டாக்டர். பாராட்டத்தான் செய்றாங்க."

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. நாமெல்லாம் மனிதர்களை முகத்தைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். டாக்டரம்மா கழுத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறார். அண்ணன் மகன் தான் காதலிக்கிற பெண்ணை முதல் தடவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அவள் போனதும் "எப்படி இருக்கா பொண்ணு?" என்று எல்லோரும் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "நல்ல நீளக் கழுத்து. வாயும் தாராளமாத் திறக்குது. மயக்கம் குடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் வழுக்கிக்கிட்டு இறங்கும்" என்றாராம். அண்ணி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கை குலுக்கினாலும் அப்படித்தான். இரண்டு விரல்கள் தானாக மணிக்கட்டுக்கு நகர்ந்து நாடியைப் பிடித்துவிடும்.

தொழில் அப்படி. சர்ஜன் அறுப்பார், தைப்பார், கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அதுவரை படுத்திருப்பவரின் மூச்சு இந்த அம்மாள் கையில். மருந்தை ஏற்றும்போது, "வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று பேச்சுக் கொடுப்பார். "ரெண்டு பொண்ணு, அப்புறம் ஒரு..." என்று ஆரம்பித்தவர்கள் அந்த ஒன்று என்னவென்று சொல்லாமலே தூங்கிப் போவார்கள். கண் விழித்ததும் சர்ஜனைத்தான் கும்பிடுவார்கள். ஒருமுறை காய்கறிக் கடையில் ஒரு பெண்மணி இவரை உற்று உற்றுப் பார்த்து, "உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே, பேங்க்லயா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்மணியின் நின்றுபோன இதயத்தை இவர் அரும்பாடுபட்டு ஓட வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கணவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "மருந்து போட்டா யானையும் தூங்கும். எழுந்து வந்து கடையில பேரம் பேசுது பாருங்க, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

இப்போது வந்திருப்பது மயக்க மருந்து டாக்டர்களுக்கான தொடர்கல்விக் கருத்தரங்கு. தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இத்தனை மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்டாக வேண்டும். உட்காருகிறதுதான் உட்காருகிறோம், கடல் காற்றில் உட்காரலாமே என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்திருக்கிறார். காலையில் பாடம், மாலையில் அலை. கழுத்து அட்டையை வாசலில் காட்டிவிட்டு அடுத்த கதவு வழியாக நீச்சல் குளத்துக்கு நழுவுகிற கில்லாடிகளும் உண்டு. கணவர்மார், மனைவிமார் எல்லோருக்கும் இலவச இணைப்பாக இடம் உண்டு. நம் டாக்டரம்மாவின் கணவர் லிஃப்ட்டுகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் லிஃப்ட் சார். அறைக்கு ஏறும்போதே காதைச் சாய்த்துக் கேட்டு, "கேபிள் புதுசு. பிரேக்குதான் கொஞ்சம் சோம்பேறி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

ஆனால் இந்தத் தடவை டாக்டரம்மா பாடம் கேட்க வரவில்லை. ஆள் பார்க்க வந்திருக்கிறார்.

லிஃப்ட் சாரின் கழுத்தில் ஒரு தைராய்டு கட்டி. வருடக்கணக்காகச் சாதுவாக இருந்தது, இப்போது நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி மூச்சுக்குழாயை நெருக்குகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். ஊர் திரும்பியதும் அறுவை சிகிச்சை. சர்ஜனை ஒரே ஒரு ஃபோனில் முடிவு செய்துவிட்டார் டாக்டரம்மா. மயக்க மருந்து கொடுக்கத்தான் ஆள் அமையவில்லை.

"அறுக்கிறதுல ஒண்ணும் பயமில்லைங்க. தூங்க வைக்கிற அந்த நேரம்தான். தசை தளர்ந்ததும் கட்டி மூச்சுக்குழாய் மேல உட்காரும். அப்ப தலைமாட்டுல யாரு நிக்கறாங்கங்கிறதுலதான் எல்லாமே இருக்கு."

"வெளியில எதுக்குத் தேடணும்? நீயே குடுத்துடேன்."

சொந்தக்காரருக்குக் கொடுப்பதில்லை என்று அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். சட்டமெல்லாம் இல்லை, ஆனாலும் யாரும் மீறுவதில்லை. "உங்க தலைமாட்டுல நின்னா நான் டாக்டர் இல்ல, பொண்டாட்டி. அவளுக்குக் குழாய் போடத் தெரியாது" என்றார் டாக்டரம்மா. 

பெற்ற மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கூட இப்படித் தேடமாட்டார். யார் பேச ஆரம்பிக்கும் முன் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார், யார் பழச்சாறு பாட்டிலின் சீட்டைப் படித்துவிட்டுக் குடிக்கிறார், எல்லாவற்றையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் நினைத்தது பேராசிரியரைத்தான். டாக்டரம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர், பாடப்புத்தகம் எழுதியவர், அவர் நுழைந்தால் ஹாலே எழுந்து நிற்கும். "நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை?" என்று அவரே முன்வந்து சொல்லிவிட்டார். "பார்க்கலாம்" என்று இழுத்தார் டாக்டரம்மா.

இன்னொருவரை யாரும் நினைக்கவில்லை. கிளி படம் போட்ட சட்டை, ரப்பர் செருப்பு, சதா சர்வகாலமும் பேச்சு. பட்டப்பெயர் ரேடியோ. காலைச் சிற்றுண்டியில் லிஃப்ட் சாரைப் பிடித்து வைத்துக்கொண்டு மூன்று ஜோக் சொன்னார். மூன்றும் ஒரே ஜோக். "அவன் வாய் மூடி நான் பார்த்ததே இல்ல" என்று டாக்டரம்மாவே தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை, பொழுது போகாமல் நடந்துகொண்டிருந்த லிஃப்ட் சார் ஒரு கண்ணாடிக் கதவின் முன்னால் நின்றுவிட்டார். உள்ளே பயிற்சி நடந்தது. மேசைக்கு மேசை ஒரு ரப்பர் பொம்மை, தலையும் நெஞ்சும் மட்டும். அதன் தொண்டைக்குள் குழாய் இறக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா குனிந்து பொம்மையின் காதருகே ஏதோ சொல்வது தெரிந்தது. என்னவாக இருக்கும் என்று மெல்லக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் காதைக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். எங்கேயும் போக மாட்டேன்."

ரப்பரிடம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மேசையிலும் ஒருவர் குனிந்து பொம்மையிடம் என்னவோ முணுமுணுத்தார். அதற்கடுத்த மேசையிலும் அப்படியே. அறை முழுக்க உயிரில்லாத காதுகளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தாங்கள் சொல்கிறோம் என்பதே தெரியாமல். ரேடியோ தன் பொம்மைக்கு அந்தப் பழைய ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட் சாருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று இப்போதுதான் பார்க்கிறோம் என்று தோன்றியது. செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே வந்தார்.

அன்று மதியம் அதிசயம் ஒன்று நடந்தது. இனிப்பைக் கண்ணால் பார்த்தாலே அதட்டுகிற டாக்டரம்மா, தன் கையாலேயே அவர் தட்டில் இரண்டாவது இனிப்பை வைத்தார். சோற்றையும் இன்னொரு கரண்டி. "ஹால்ல ஏசி நல்லாயிருக்கு. வந்து பின்னால உட்காருங்களேன்" என்று உபசாரம் வேறு. அவரும் நம்பி உட்கார்ந்தார். பேராசிரியர் மேடையேறி, விளக்கை அணைத்து, திரையில் யாருடையதோ தொண்டையின் படத்தைக் காட்டி ஆரம்பித்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? உட்கார்ந்தபடியே லிஃப்ட் சார் குறட்டை விட ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, மரம் அறுக்கிற குறட்டை. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அந்தக் கூட்டத்துக்குக் குறட்டை ஒரு சத்தமே இல்லை.

பிறகு குறட்டை நின்றது.

தொண்டை அடைத்து, விருக்கென்று தூக்கிப்போட்டு அவர் கண் விழித்தபோது ஹால் முழுவதும் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளின் கை அவர் தாடைக்கு நேராக நீண்டிருந்தது. எதிரே, மூச்சு வாங்க, ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார் ரேடியோ. மேடையில் பேராசிரியர் மட்டும் திரையைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க, ரொம்பக் குறட்டை விட்டுட்டேனோ?"

"விட்டது பரவாயில்ல சார்" என்றார் பக்கத்து அம்மாள், கையை மடக்கிக்கொண்டு. "நிறுத்தினீங்க பாருங்க, அதான்."

லிஃப்ட் சார் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். மணியோசைக்குத் திரும்புகிற கூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு மூச்சு காணாமல் போனதற்கு ஒரு ஹாலே எழுந்து நிற்பதை யார் பார்த்திருக்கிறார்கள்? அடேயப்பா, இவர்கள் காதுதான் என்ன காது! ஆனால் அத்தனை பேரில் ஒரே ஒரு ஆள் மட்டும் அவரைப் பார்க்கவில்லை. மேடைக்குப் பக்கத்து மூலையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டாக்டரம்மா மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார் லிஃப்ட் சார். "கட்டின புருஷன் மூச்சு நின்னுபோச்சு. ஊரே பார்க்குது, நீ பார்க்கலை."

"உங்களைப் பார்க்கத்தான் அத்தனை பேர் இருந்தாங்களே. யாரு முதல்ல பார்த்தாங்கன்னு யாராவது பார்க்க வேணாமா?"

அவருக்கு இப்போதுதான் உறைத்தது. "ஆக, அந்த ரெண்டாவது இனிப்பு..."

"ஆமா. ஏசியும்தான்" என்று கொஞ்சமும் கூசாமல் ஒப்புக்கொண்டார் டாக்டரம்மா. பிறகு குரல் இறங்கியது. "காது உங்ககிட்டதாங்க இருந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தா நாற்காலி மேல ஏறிக் குதிச்சிருப்பேன். ஆனா கேளுங்க. ரேடியோ ஹாலோட அந்தக் கோடியில யார்கிட்டயோ ஜோக் சொல்லிட்டிருந்தான். உங்க மூச்சு நின்னதும் பாதி வார்த்தையில நிறுத்தினான். மத்தவங்க தலை திரும்பறதுக்குள்ள அவன் பாதி தூரம் வந்துட்டான். அவ்வளவு பேச்சும் வாய்தான். காது வேற எங்கேயோ காவல் இருக்கு."

"பேராசிரியர் கோவிச்சுக்கப் போறார்."

"அவர் மேல தப்பில்ல. திரை வெளிச்சம் கண்ணுல அடிக்கும், அவர் குரலே அவர் காதை அடைக்கும். ஆனா உங்க விஷயத்துல எனக்கு நியாயம் பார்க்க வராது" என்றார். நேரே போய்ப் பேராசிரியரிடமும் அதையே சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "வெளியில சொல்லிடாதே. எனக்குப் பித்தப்பை எடுத்தப்ப நானும் அவனைத்தான் கூப்பிட்டேன். ஜோக் பாதியில தூங்கிட்டேன், முடிவை இன்னும் சொல்ல மாட்டேங்கிறான்" என்றார்.

மாலை, கடலைப் பார்த்த மாடத்தில் லிஃப்ட் சாரை ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ரேடியோவுக்குச் சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. "அக்கா, கூப்பிட்டீங்களாமே? மாமா, ஒரு ஜோக்கு..." என்று ஆரம்பித்தபடியே வந்தார் அவர்.

"இவருக்கு நீதான் குடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

ரேடியோவின் வாய் மூடிக்கொண்டது. கூரை விளக்கைப் போட்டுவிட்டு, எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து கழுத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். தலையை எவ்வளவு சாய்க்க முடிகிறது என்று பார்த்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க உள்ள நிப்பீங்களா அக்கா?"

"இல்ல. வெளியில, எல்லாரும் உட்கார்ற பெஞ்சுல."

 டாக்டரம்மா "ஒண்ணு மட்டும் காட்டிடறேன், கையைக் குடு" என்று கணவரின் முதுகுப் பக்கம் போய் நின்றார். ரேடியோவின் விரல்களை எடுத்து லிஃப்ட் சாரின் தாடை எலும்புக்கு அடியில் வைத்து, அதன் மேல் தன் விரல்களை வைத்து அழுத்தினார்.

"இடது பக்கத்துலேர்ந்து தூக்கணும். வலது பக்கம் எப்பவோ அடிபட்டிருக்கு, அங்கேர்ந்து தூக்கினா பூட்டிக்கும். இன்னும் ஒரு நூல் மேல... ம். சொடக்குப் போடுற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வருதா? அது வந்துட்டா காத்து போகும்."

"எனக்குத்தான் இதுவரைக்கும் யாரும் மயக்கமே குடுத்ததில்லையே, உனக்கு எப்படி இதெல்லாம்..." என்றார் லிஃப்ட் சார், பல்லுக்கு நடுவே.

"தினம் ராத்திரி பின்ன யாரு தூக்கறதாம்? நீங்க பாட்டுக்கு மூச்சை நிறுத்திட்டு நாற்காலியில நிம்மதியாத் தூங்கறீங்க" என்றார் டாக்டரம்மா, பால் வாங்கி வைத்ததைச் சொல்வதுபோல.

எத்தனை வருஷமா என்று கேட்க வாயெடுத்தார் லிஃப்ட் சார். தாடை இரண்டு பேர் பிடியில் இருந்ததால் முடியவில்லை, கண்தான் நிறைந்தது. ரேடியோ அசையாமல் பிடித்திருந்தார். டாக்டரம்மா குனிந்து மூச்சைக் கேட்டார், நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார். பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சுண்டுவிரல் மட்டும் கொஞ்ச நேரம் வரவில்லை.