மீன் வயிற்றில் நாலு விரல்

சித்தப்பா பிடித்த மீன் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இரண்டு மாதம் கிடந்தது. அதில் முதல் வாரம் போக மீதி நாளெல்லாம் சித்தப்பாவைக் காணவில்லை. அப்போது எனக்கு ஆறு வயது. இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது.

அவர் அப்பாவின் தம்பி. கல்யாணமாகி ஒரு வருடம்தான். அவரும் சித்தியும் மவுண்ட் ரோஸ்கில் என்கிற புறநகரில் எங்களோடு இருந்தார்கள். வார நாட்களில் கம்ப்யூட்டரும் கையுமாக இருப்பவர், சனிக்கிழமை ஆனால் மேற்குக் கடற்கரைப் பாறைகளுக்குத் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். ஒரு சனிக்கிழமை பத்துக் கிலோவுக்கு மேல் ஒரு ஸ்னாப்பர் மீனோடு வந்து நின்றார். அம்மா குழம்புக்குப் புளியை ஊறப்போட்டுவிட்டாள். இது குழம்புக்கு இல்லை, பாடம் பண்ணிச் சுவரில் மாட்டப் போகிறேன் என்றார் சித்தப்பா. மீனுக்கு யார் பாடம் எடுப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாசி என்கிற இன்னொரு புறநகரில் மீன்களை மட்டும் பாடம் பண்ணுகிற ஒருவர் இருந்தார். குடலை எடுக்காதே, செதிலைச் சுரண்டாதே, செட்டைகளைப் படியவைத்து ஈரத் துண்டில் சுற்றி உறையவிடு என்று போனில் சொன்னாராம். சித்தப்பா சித்தியின் புதுத் துண்டை எடுத்து மீனைச் சுற்றி, கராஜில் இருந்த பெரிய ஃப்ரீசருக்குள் அமுக்கிப் படுக்கவைத்தார். மாசிக்காரருக்குக் கைநிறைய வேலை. எங்கள் முறை வர இரண்டு மாதம் ஆகும் என்றிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அதே பாறைக்குப் போன சித்தப்பாவை அலை இழுத்துக்கொண்டது. ஹெலிகாப்டர் சுற்றியது. படகுகள் போயின. தூண்டிலும் பையும் கிடைத்தன. சித்தப்பாவைத் தேடுகிறார்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள். தேடினால் கிடைத்துவிடுவார் என்றுதானே அர்த்தம்? சித்தியும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது. அவர் சட்டைகளைத் தினமும் இஸ்திரி போட்டு மாட்டினாள். போலீஸ் தேடுவதை நிறுத்திவிட்டது என்று அப்பா சொல்ல ஆரம்பித்ததும் எழுந்து அறைக்குப் போய்விட்டாள். ஊரிலிருந்து தாத்தா போனில் ஏதோ கேட்பார். அப்பா சித்தியின் அறைக்கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இன்னும் இல்லை என்பார்.

ஃப்ரீசரை யாரும் திறப்பதில்லை. ஒரு மத்தியானம் ஐஸ்கிரீமுக்காக நான் திறந்தேன். தலைப்பக்கம் துண்டு விலகியிருந்தது. கண் வெள்ளைவெளேரென்று உறைந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. குளிர்ப்புகை அந்த வாயின் வழியே உள்ளே போய் வெளியே வருவதுபோல எனக்குத் தெரிந்தது. மூடியைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். அது ஏதோ சொல்ல வந்தது, நான்தான் கேட்காமல் வந்துவிட்டேன் என்று பல நாள் மனசு அடித்துக்கொண்டது.

இரண்டு மாதம் முடிந்ததும் மாசிக்காரர் கூப்பிட்டார். அப்பா போனை எடுத்து, இனி அது தேவைப்படாது என்று சொல்லப் போனார். சித்தி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். நாளைக்குக் கொண்டுவருகிறோம் என்றாள். மறுநாள் பள்ளி விடுமுறை. துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு அவளே காரை ஓட்டினாள். பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியில் மீன். வளைவுகளில் அது பெட்டிக்குள் தட்டியது. நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் மாசிக்காரர் வேலை செய்தார். சுவர் முழுக்க மீன்கள். பாதி முடிந்தவற்றுக்கு நிறமில்லை, கண் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. மேஜைமேல் ஒரு டப்பா நிறையக் கண்ணாடிக் கண்கள், எல்லாம் கூரையைப் பார்த்தபடி. நிறம் தீட்ட, மீன் உயிரோடு இருந்தபோது எடுத்த படம் வேண்டும் என்றார். சித்தி போனில் காட்டினாள். சித்தப்பா பாறைமேல் நின்று இரண்டு கையாலும் மீனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மாசிக்காரர் படத்தில் மீனைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். சித்தப்பாவின் முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது.

பிறகு துண்டைப் பிரித்தார். வயிற்றில் வரிசையாக நாலு குழி இருந்தது. உறைவதற்கு முன்னால் யாரோ அழுத்தியிருக்கிறார்கள், கவலை வேண்டாம், தோலை மட்டும் உரித்து நுரைப்பஞ்சில் செய்த உடம்பின்மேல் ஒட்டுவேன், குழி போய்விடும் என்றார். போகக் கூடாது என்றாள் சித்தி. பார்ப்பவர்கள் என் வேலையில் குறை என்பார்களே என்று அவர் சிரித்தார். அழுத்தியது என் கணவர் என்றாள். அப்படியானால் அவரையே வரச் சொல்லுங்கள், பேசி முடிவு செய்வோம் என்றார் அவர். சித்தப்பா கடலில் இருக்கிறார், தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் ஆங்கிலத்தில் விளக்கினேன்.

மாசிக்காரர் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார். பல் டாக்டர்கள் அளவெடுக்கும் மாவு போன்ற ஒன்றைப் பிசைந்து குழிகளில் அழுத்தினார். அது இறுகும்வரை மூவரும் நின்றுகொண்டிருந்தோம். பிறகு மெல்லத் தூக்கினார். மீன் வயிற்றிலிருந்து நாலு விரல்நுனிகள் எழுந்து வந்தன. துண்டின் நெசவு ரேகைபோல அவற்றின்மேல் பதிந்திருந்தது. சுண்டுவிரல் மற்றவற்றிலிருந்து சற்று விலகியிருந்தது. இவ்வளவு நாளும் சித்தப்பா உள்ளேயிருந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார் என்றே நினைத்தேன். சித்தி தன் விரல்களை ஒவ்வொன்றாக அவற்றின்மேல் வைத்துப் பார்த்தாள். மாசிக்காரர் அந்த அச்சைத் தன் வேலைக்கு வைத்துக்கொண்டு, அவள் கேட்காமலே இன்னொன்று எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அந்த மீன் இப்போதும் சித்தியின் ஹாலில் இருக்கிறது, குழிகளோடு. வருகிறவர்கள் கண்ணில் அதுதான் முதலில் படுகிறது.

அன்று திரும்பும்போது விரல்களை மடியில் வைத்து ஒரு கையால் மூடிக்கொண்டே ஓட்டினாள். சித்தப்பா கிடைத்துவிட்டாரா என்று கேட்டேன். "கிடைச்சுட்டார்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, காரியத்துக்கு நாள் பாருங்க."

அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். காரியம் என்றால் வேலை என்றுதான் எனக்குத் தெரியும். கிடைத்துவிட்டவரைப் போய் அழைத்துவருவதுதான் அந்த வேலை என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கறுப்பு மணல் கடற்கரைக்குப் போனோம். ஐயர் வந்திருந்தார், தெரிந்தவர்கள் வந்திருந்தார்கள். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று எள்ளும் சோறும் விட்டார். சித்தி அந்த நாலு விரலை அலையில் போட்டாள். நான் என் பள்ளிப் பையைத் திறந்து, சித்தப்பாவுக்காக எடுத்துவந்த ஸ்வெட்டரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கரையோரமாக நின்றேன். காற்று பலமாக இருந்தது. வெளியே வந்ததும் குளிருமே.

அம்மா பார்த்துவிட்டாள். ஓடிவந்து ஸ்வெட்டரை என் கையிலிருந்து பிடுங்கித் தன் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். சித்தி திரும்பிப் பார்ப்பதற்குள் ஏன் அவ்வளவு அவசரமாக மறைத்தாள் என்று எனக்குப் புரியவில்லை. அவர் வருவதற்குள்ளேயே எல்லோரும் காரை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்களே என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.